"அவில் போட்டாச்சு, இனி பயமில்லை"னு சொல்றவங்களுக்கு

"அலர்ஜியா? ஒரு அவில் போட்டா சரியாயிடும்."

இந்த ஒரு வரிக்கு எதிராத்தான் இன்னைக்கு எழுதப் போறேன். இழை கொஞ்சம் நீளம். டீ குடிச்சுக்கிட்டே படிங்க. என் சக டாக்டர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும், கமென்ட்ல பேசிக்கலாம்.

அவில் மேல எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. உள்ளே இருக்கிற மருந்து பேரு ஃபெனிரமைன். அதோட ஒரு குளோரின் அணுவைச் சேர்த்தா குளோர்ஃபெனிரமைன், நம்ம ஜி.ஹெச். பார்மசியில சளிக்குக் கொடுக்கிற சி.பி.எம். மாத்திரை. (கட்சி இல்லைங்க, மாத்திரை.) ரெண்டும் பழைய தலைமுறை ஆன்டிஹிஸ்டமின். அரிப்புக்கு, தடிப்புக்கு, விடாத தும்மலுக்கு இந்த வகை மருந்து நல்லாவே கேட்கும். உயிர் போற அலர்ஜியிலயும் இதையே முதல் மருந்தா நம்புறதுதான் என் சண்டை.

உயிர் போற அலர்ஜிக்குப் பேரு அனாஃபிலாக்சிஸ். கதண்டு கொட்டுனதுக்கு அப்புறம், ஆன்டிபயாட்டிக் ஊசிக்கு அப்புறம், வலி மாத்திரைக்கு அப்புறம், இறால் சாப்பிட்டதுக்கு அப்புறம், பாம்புக்கடிக்கு மருந்து ஏத்துறப்போ, இப்படி எதுல வேணா வரலாம். உடம்பெல்லாம் தடிப்பு வரும். அதோட மூச்சு இழுக்கும், இல்ல தொண்டை அடைக்கும், இல்ல தலை சுத்தி பி.பி. இறங்கும். சிலருக்கு வாந்தியும் வயித்து வலியும். 10 முதல் 20 சதவீதம் பேருக்குத் தோல்ல ஒண்ணுமே தெரியாது. அதனால "தடிப்பு இல்லையே, அப்போ அலர்ஜி இல்லை"னு முடிவு கட்டிடாதீங்க.

உள்ளே என்ன நடக்குது? நம்ம தோல், மூச்சுக்குழாய், குடல், ரத்தக்குழாய் ஓரம் எல்லாம் மாஸ்ட் செல்னு ஒரு வகை செல் உட்கார்ந்திருக்கு. அதுக்குள்ள சின்னச் சின்னப் பைகள்ல ஹிஸ்டமின் நிரப்பி வெச்சிருக்கும். அலர்ஜி தூண்டினதும் பைகள் மொத்தமா உடையும். ஹிஸ்டமின் ரத்தக்குழாயைத் தளர்த்தும், சுவரை ஓட்டை ஓட்டையாக்கும். ரத்தத்துல இருக்கிற நீர் வெளியே கசியும். கடுமையான அனாஃபிலாக்சிஸ்ல, ரத்தக்குழாய்க்குள்ள இருக்கிற திரவத்துல 35 சதவீதம் வரைக்கும் பத்தே நிமிஷத்துல வெளியே போயிடலாம். ஒரு சொட்டு ரத்தம் தரையில சிந்தியிருக்காது. ஆனா உடம்பு பெரிய ஆக்ஸிடென்ட்ல ரத்தம் போன ஆள் மாதிரி ஷாக்குக்குப் போகும்.

இப்போ அவில் என்ன செய்யும்? பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு பிடிப்போம் இல்லையா, அதே வேலைதான். ஹிஸ்டமின் போய் உட்கார வேண்டிய ஹெச்1 ரிசெப்டர்ங்கிற சீட்டுல முன்கூட்டியே துண்டைப் போட்டு வைக்கும். பஸ் காலியா இருக்கும்போது போட்டா பலன் உண்டு. பஸ் நிரம்பி, புட்போர்டுல தொங்கிக்கிட்டுப் பாதி தூரம் போனதுக்கு அப்புறம் துண்டை வீசி என்ன ஆகப் போகுது?

இன்னொண்ணு. அந்தப் பஸ்ஸுல ஏறுனது ஹிஸ்டமின் மட்டும் இல்லை. லூக்கோட்ரையீன், ப்ராஸ்டாகிளாண்டின், பி.ஏ.எஃப்., ட்ரிப்டேஸ்னு ஒரு கூட்டமே கூட ஏறியிருக்கு. மூச்சுக்குழாயை இறுக்குறதுல லூக்கோட்ரையீன் ஹிஸ்டமினை விடப் பல மடங்கு பலசாலி. அவில் போட்ட துண்டை அதெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்காது. கசிஞ்சு போன நீரை அவில் திரும்பக் கொண்டுவராது. தளர்ந்த ரத்தக்குழாயை இறுக்காது. வீங்குன தொண்டையைத் திறக்காது.

இதெல்லாத்தையும் செய்யுற மருந்து ஒண்ணே ஒண்ணு. அட்ரினலின். ரத்தக்குழாயை இறுக்கி பி.பி.யை ஏத்தும், வீக்கத்தைக் குறைக்கும். இதயத்தை வலுவா அடிக்க வைக்கும். மூச்சுக்குழாயை விரிக்கும். மாஸ்ட் செல் இன்னும் பைகளை உடைக்காம நிறுத்தவும் செய்யும். அதாவது துண்டு போடுற வேலையே கிடையாது, நேரா டிப்போவுக்குப் போய் அடுத்த பஸ்ஸைக் கிளம்பவிடாம நிறுத்துது. ஒரு சின்ன கண்ணாடி ஆம்பியூல், ஒரு மில்லி. விலை ஒரு பிரியாணிக்குப் பக்கத்துலகூட வராது. எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் இருக்க வேண்டிய அத்தியாவசிய மருந்து.

அப்புறம் ஏன் போட மாட்டேங்கிறாங்க?

முதல் காரணம் பயம். அட்ரினலின்னா "இதயம் நின்னா போடுற ஊசி"னு டாக்டர்கள் மனசுலயே பதிஞ்சு போச்சு. "வயசானவர், ஹார்ட் ஏதாவது ஆயிட்டா?"னு தயங்குவாங்க. நரம்புல மடமடன்னு ஏத்தினா அந்தப் பயம் நியாயம்தான், அதனால ஆபத்து வரும். ஆனா தொடைச் சதையில அரை மில்லி போடுறது வேற கதை. கொஞ்சம் படபடப்பு, கை நடுக்கம், முகம் வெளிறிப் போறது, அவ்வளவுதான் பெரும்பாலும். அனாஃபிலாக்சிஸ்ல இதயத்தைக் கெடுக்கிறது இறங்கிப்போன பி.பி. அதைச் சரிபண்ணாம இதயத்தைக் காப்பாத்துறேன்னு சொல்றது வீடு எரியுறப்போ கரன்ட் பில்லை நினைச்சு மோட்டார் போடாம இருக்கிற மாதிரி.

ரெண்டாவது காரணத்தை யாரும் வெளியில பேச மாட்டாங்க. நான் பேசுறேன். அடி விழும்கிற பயம். சின்ன ஊர்ல தனியா கிளினிக் வெச்சிருக்கிற டாக்டர் அட்ரினலின் போட்டு, அப்புறமும் நோயாளி இறந்துட்டா, "ஊசி போட்டுக் கொன்னுட்டான்"னு கதவை உடைப்பாங்க. அவில், டெக்ஸா, ரான்டாக் மூணையும் போட்டு "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க"னு அனுப்பிட்டா, சாவு வழியில நடக்கும், இல்ல எங்க கேஷுவாலிட்டியில நடக்கும். அந்த டாக்டர் மேல கோபப்படுறதா பரிதாபப்படுறதான்னு எனக்கே சில ராத்திரி குழப்பம்தான். ஆனா இந்த ஏற்பாட்டுக்கு விலை கொடுக்கிறது ஆம்புலன்ஸ்ல படுத்திருக்கிறவர்.

(ரான்டாக்கும் ஒரு ஆன்டிஹிஸ்டமின்தான்னு எத்தனை பேருக்குத் தெரியும்? வயித்துல இருக்கிற ஹெச்2 ரிசெப்டரை அடைக்கிறது. 1972-ல ஜேம்ஸ் பிளாக் குழு அந்த வழியைத் திறந்தாங்க, 1988-ல அவருக்கு நோபல் கிடைச்சது. "கேஸ் மாத்திரை"னு நாம செல்லமா கூப்பிடுறது பெரிய மூளை உழைப்போட குடும்பத்துல பிறந்த மருந்து. ஆனா அதுவும் அனாஃபிலாக்சிஸ்ல உயிர் காக்காது.)

போன வருஷம் ஒரு மதியம். நூறு நாள் வேலையில புதர் வெட்டிக்கிட்டிருந்த அம்மா, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், கதண்டு கொட்டி வந்தாங்க. வழியில ஒரு இடத்துல அவிலும் டெக்ஸாவும் போட்டு அனுப்பியிருந்தாங்க. மகன் சந்தோஷமா சொல்றார்: "தடிப்பெல்லாம் அடங்கிடுச்சு சார். அம்மா இப்போதான் அசந்து தூங்குறாங்க."

கையைத் தொட்டா ஐஸ். மணிக்கட்டுல நாடி கிடைக்கல. பி.பி. மேல 70, கீழ அளக்கவே முடியல. அது தூக்கமே இல்லை, ஷாக். தொடையில அட்ரினலின், காலைத் தூக்கி வெச்சு, ரெண்டு கையிலயும் சலைன். அஞ்சு நிமிஷத்துல ரெண்டாவது ஊசி. அப்புறம்தான் கண்ணைத் திறந்து, மகனைப் பார்த்து, "மாட்டுக்குத் தண்ணி வெச்சியாடா?"னு கேட்டாங்க. ரெண்டு நாள் வார்டுல இருந்து நடந்து வீட்டுக்குப் போனாங்க.

அவில் அங்கே செஞ்ச வேலையைக் கவனிங்க. நாம கண்ணால பார்க்கக்கூடிய அரிப்பையும் தடிப்பையும் அடக்கிடுச்சு. கண்ணுக்குத் தெரியாத பி.பி.யை அப்படியே சரிய விட்டுடுச்சு. கூடவே தூங்க வெச்சு, மயக்கத்தையும் தூக்கத்தையும் பிரிச்சுப் பார்க்க முடியாம பண்ணிடுச்சு. வேற எந்த மருந்தும் இவ்வளவு நம்பிக்கையா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

"நாங்க இருபது வருஷமா அவில்தான் போடுறோம், எல்லாரும் பிழைச்சுதானே போனாங்க?" இதைச் சொல்ற சீனியர்கள் உண்டு. சார், வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இருந்தது வெறும் தடிப்பு. அது அவில் இல்லாமலும் அடங்கியிருக்கும். நிஜ அனாஃபிலாக்சிஸ்லகூட சிலருக்கு அவங்க உடம்பே அட்ரினலின் சுரந்து தாக்குப் பிடிச்சிடும். பிழைச்சவங்க நன்றி சொல்ல உங்க கிளினிக்குக்கு வருவாங்க. பிழைக்காதவங்க எங்க மார்ச்சுவரிக்கு வருவாங்க. நீங்க பார்க்கிறது முதல் வரிசையை மட்டும்.

எவ்வளவு நேரம் இருக்கு? பிரிட்டன்ல அனாஃபிலாக்சிஸ்ல இறந்தவங்களோட விவரங்களை பம்ஃப்ரே என்ற மருத்துவர் தொகுத்து 2000-ல வெளியிட்டார். இதயமோ மூச்சோ நிக்கிறதுக்கு ஆன நேரம், நடு அளவுல பார்த்தா, உணவு அலர்ஜியில 30 நிமிஷம், பூச்சிக்கடியில 15 நிமிஷம், ஆஸ்பத்திரி ஊசி மருந்துகள்ல 5 நிமிஷம். வாயில போடுற அவில் மாத்திரை வேலையைத் தொடங்கவே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். கணக்கை நீங்களே போட்டுக்குங்க. அதே பிரிட்டனோட ரிசசிடேஷன் கவுன்சில் 2021 வழிகாட்டியில ஆன்டிஹிஸ்டமினை ஆரம்ப அவசர சிகிச்சைப் பட்டியல்லயிருந்தே தூக்கிட்டாங்க. நிலைமை சீரான பிறகு அரிப்புக்கு வேணும்னா கொடுத்துக்கலாம், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் ஆராய்ச்சி நமக்கு எதுக்குன்னு கேட்கிறவங்களுக்குப் பக்கத்து வீட்டுல இருந்தே ஒண்ணு. பாம்புக்கடி நமக்கும் இலங்கைக்கும் பொதுவான சாபம். விஷமுறிவு மருந்து குதிரை ரத்தத்துலயிருந்து வர்றது, அதனால ஏத்தும்போது அலர்ஜி வர்றது சகஜம். அதைத் தடுக்க முன்கூட்டியே அவிலும் எஃப்கார்லினும் போடுறது பல இடத்துல பழக்கம். இலங்கையில 1007 பாம்புக்கடி நோயாளிகளை வெச்சு ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2011-ல வெளியிட்டாங்க. அட்ரினலின், ப்ரோமெத்தசின் (இதுவும் அவில் மாதிரி பழைய ஆன்டிஹிஸ்டமின்), ஹைட்ரோகார்ட்டிசோன் மூணையும் போட்டிக்கு விட்டாங்க. தோலுக்கடியில கொடுத்த குறைஞ்ச அளவு அட்ரினலின், முதல் ஒரு மணி நேரத்துல கடுமையான ரியாக்‌ஷனை 43 சதவீதம் குறைச்சது. ப்ரோமெத்தசினால பலன் இல்லை. ஹைட்ரோகார்ட்டிசோனாலயும் இல்லை. போதாக்குறைக்கு, அட்ரினலினோட ஹைட்ரோகார்ட்டிசோனைச் சேர்த்தப்போ அட்ரினலின் கொடுத்த பலனும் அடிபட்டுப் போச்சு.

பஸ் காலியா இருக்கும்போதே துண்டு போட்ட கதைதான் இது. அப்பவும் உதவல. பத்து வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. இன்னும் நம்ம கேஸ் ஷீட்ல முதல் வரி "இன்ஜெக்‌ஷன் அவில்"தான்.

சரி, உயிர் போற விஷயத்தை விடுங்க. தினசரி சளிக்கு வருவோம். அங்கேயும் இதே குருட்டு நம்பிக்கைதான்.

ஹிஸ்டமின்னாலே வில்லன்னு நினைச்சுடாதீங்க. மூளைக்குள்ள ஹைபோதாலமஸ் பக்கத்துல ஒரு சின்ன நரம்புக் கூட்டம் ஹிஸ்டமின் சுரந்துதான் நம்மளை விழிப்பா வெச்சிருக்கு. பழைய ஆன்டிஹிஸ்டமின்கள் மூளைக்குள்ள ஈஸியா நுழைஞ்சு அங்கேயும் துண்டு போடும். ஜப்பான்ல பெட் ஸ்கேன் பண்ணிப் பார்த்தப்போ, டி-குளோர்ஃபெனிரமைன் 2 மில்லிகிராம் மூளையோட ஹெச்1 ரிசெப்டர்கள்ல ஏறக்குறைய பாதியைப் பிடிச்சிருந்தது. அது நம்ம 4 மில்லிகிராம் சி.பி.எம். மாத்திரைக்குள்ள இருக்கிற அளவு. ஃபெக்ஸோஃபெனடின்? கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லை. வாசல்லயே பி-கிளைக்கோபுரோட்டீன்னு ஒரு வாட்ச்மேன் திருப்பி அனுப்பிடுவார்.

"நைட் போட்டா காலைல தெளிஞ்சிடும்"னு சொல்வாங்க. குளோர்ஃபெனிரமைன் பாதியா குறையுறதுக்கே பெரியவங்க உடம்புல ஏறக்குறைய ஒரு நாள் ஆகலாம். காலைல ஷேர் ஆட்டோ ஓட்டுறவர், தறியில நிக்கிறவர், மரம் ஏறுறவர் எல்லாரும் பாதி மூளையோட வேலைக்குப் போறாங்க. அமெரிக்காவுல ஐயோவா டிரைவிங் சிமுலேட்டர் ஆய்வுல (2000), பழைய தலைமுறை டைஃபென்ஹைட்ரமின் 50 மில்லிகிராம் சாப்பிட்டவங்க, போதையேறக் குடிச்சவங்களை விட மோசமா வண்டி ஓட்டுனாங்க. ரொம்ப முக்கியமான விஷயம், தனக்கு எவ்வளவு தூக்கமா இருக்குன்னு அவங்க சொன்னதுக்கும் அவங்க ஓட்டுன லட்சணத்துக்கும் பெருசா சம்பந்தமே இல்லை. அதனால "எனக்கெல்லாம் சி.பி.எம். ஒண்ணும் பண்ணாது டாக்டர்"னு சொல்ற டிரைவர் அண்ணன்களை நான் நம்புறதில்லை. மாமூல் வாங்காத ஒரே போதை இதுதான்.

வயசான ஆண்கள் இன்னும் பாவம். பழைய ஆன்டிஹிஸ்டமின்கள் அசிட்டைல்கோலினையும் தடுக்கும். புரோஸ்டேட் வீங்கியிருக்கிற தாத்தா சளிக்கு ரெண்டு மாத்திரை போட்டுட்டு, மறுநாள் ஒண்ணுக்குப் போக முடியாம வயிறு உப்பி டியூப் போட வர்றது எங்க ஓ.பி.யில புதுசு இல்லை. சிலர் ராத்திரி குழம்பிப்போய் செத்துப்போன அண்ணன்கூடப் பேசிக்கிட்டு இருப்பாங்க. வீட்ல சாமியாடியைக் கூப்பிட்டிருப்பாங்க. மாத்திரையை நிறுத்தினா ரெண்டு நாள்ல சரியாகும்.

சாதாரண சளியில இதுக்குப் பலன் உண்டா? முதல் ஒண்ணு ரெண்டு நாள் பெரியவங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல். அதுக்கப்புறம் மாத்திரைக்கும் வெறும் சுண்ணாம்புக் குச்சிக்கும் வித்தியாசம் கிடையாது. குழந்தைகளுக்கு அந்தப் பலனும் நிரூபணம் ஆகலை. குளோர்ஃபெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயசுக்குக் கீழே கொடுக்கக் கூடாதுன்னு லேபிள்ல போடச் சொல்லி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பர்லயே உத்தரவு போட்டாச்சு. மெடிக்கல் ஷாப்ல போய் "ரெண்டு வயசுக் குழந்தைக்குச் சளி"ன்னு கேட்டுப் பாருங்க, எதை எடுத்துக் கொடுக்கிறாங்கன்னு.

2025-ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவுல கோல்ட்ரிஃப் சிரப் குடிச்சு இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைங்க சிறுநீரகம் செயலிழந்து செத்தாங்க. அது தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல. கொன்னது ஆன்டிஹிஸ்டமின் இல்லை, சிரப்புல கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால், 48.6 சதவீதம். தயாரிச்சவனும் கண்காணிக்க வேண்டியவனும் பதில் சொல்லணும், சரி. ஆனா நான் கேட்கிற கேள்வி வேற. அந்தக் குழந்தைங்களுக்கு அந்த சிரப் எதுக்கு? தானா அஞ்சாறு நாள்ல போற சளிக்கு, பலனே இல்லாத ஒரு கலவையை ஏன் எழுதினோம்? "மருந்து எழுதலேன்னா டாக்டரை மாத்திடுவாங்க"ன்னு ஒரு பதில் வரும். அந்தப் பதிலோட நான் சமாதானம் ஆகத் தயாரா இல்லை.

இப்போ செய்ய வேண்டியது.

தடிப்பும் அரிப்பும் மட்டும் இருந்தா பதறாதீங்க. செட்டிரிசைன், லீவோசெட்டிரிசைன், ஃபெக்ஸோஃபெனடின் மாதிரி புதுத் தலைமுறை மருந்து போதும், டாக்டர்கிட்ட கேட்டுப் போடுங்க. செட்டிரிசைன் சிலருக்குத் தூக்கம் தரும், பார்த்துக்குங்க. ஊசியே வேணும்னு அடம்பிடிக்காதீங்க.

கூடவே மூச்சு இழுக்குது, குரல் மாறுது, தலை சுத்துது, திரும்பத் திரும்ப வாந்தின்னா 108. வர்ற வரைக்கும் படுக்க வெச்சு காலைத் தூக்கி வைங்க. மூச்சுத் திணறினா சாய்ஞ்சு உட்காரலாம். ஆனா சடார்னு எழுப்பி நடக்க விடாதீங்க, எழுந்து நின்ன அந்த நிமிஷத்துல இதயம் நின்னவங்க உண்டு. "தடிப்பு அடங்கிடுச்சு"ன்னு பாதி வழியில வீட்டுக்குத் திரும்பாதீங்க. சில மணி நேரம் கழிச்சு ரெண்டாவது அலை வரலாம், அதனாலதான் வார்டுல வெச்சுப் பார்ப்போம்.

கிளினிக் நண்பர்களுக்கு: பெரியவங்களுக்கு 1-க்கு-1000 அட்ரினலின் அரை மில்லி, நடுத்தொடையோட வெளிப்பக்கச் சதையில. குழந்தைக்கு கிலோவுக்கு 0.01 மில்லி, அரை மில்லிக்கு மேல போகாம. அஞ்சு நிமிஷத்துல தெளியலேன்னா மறுபடியும். போட்ட நேரத்தைச் சீட்டுல எழுதி அனுப்புங்க, அடுத்துப் பார்க்கிற எங்களுக்கு அது பெரிய உதவி. அவில் போடணுமா, போட்டுக்குங்க, ஆனா அட்ரினலினுக்கு அப்புறம். (பொதுமக்கள் இதைப் பார்த்து வீட்ல ஆம்பியூல் உடைக்க வேண்டாம். வெளிநாட்டுல பேனா மாதிரி தானே குத்திக்கிற அட்ரினலின் உண்டு, நம்ம ஊர்ல அது சுலபமா கிடைக்கிறதில்லை. அது தனி ஆத்திரம், தனி இழை.)

ஏற்கெனவே ஒருதடவை இப்படி வந்தவங்க, எதுக்கு வந்ததுங்கிறதை ஒரு சீட்டுல எழுதி ஆதார் கார்டோட வெச்சுக்குங்க. எந்த ஊசிக்கு முன்னாடியும் அதைக் காட்டுங்க. உங்க ஊர் கிளினிக்ல அடுத்த தடவை ஊசி போட்டுக்கிறப்போ, "டாக்டர், அட்ரினலின் இருக்கா? எக்ஸ்பைரி எப்போ?"னு மரியாதையா ஒரு வார்த்தை கேளுங்க. முறைச்சா பரவாயில்லை. என் பேரைச் சொல்லாதீங்க.

கேள்வி இருந்தா கீழே போடுங்க. நாளைக்கு நைட் டியூட்டி, பதில் லேட்டாகும்.